வெறுஞ்சுற்று

போன மாதம் தோள்வலிக்காகச் செம்பூரில் ஒரு ஃபிசியோதெரபி பெண்ணிடம் போக வேண்டியிருந்தது. என் பேத்தி வயதுதான் இருக்கும். சட்டையைக் கழற்றச் சொன்னாள். இரண்டு தோளையும் மாறி மாறி அமுக்கிப் பார்த்துவிட்டு வலது தோளிலேயே நெடுநேரம் நின்றாள்.

"அங்கிள், நீங்க யங்கா இருக்கறப்போ என்ன காம் பண்ணீங்க? கோடவுன்ல லோடிங்கா?"

"இல்லம்மா. கணக்குப் போட்டேன்."

அவள் சிரிக்கவில்லை. வயதானவர்கள் இப்படி ஏதாவது சொல்லுவார்கள் என்று படிப்பிலேயே சொல்லிக் கொடுத்திருப்பார்கள் போலிருக்கிறது.

"கணக்குன்னா?"

"கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல். முக்கியமா வகுத்தல். அதுதான் தோளைத் தின்னும்."

என் பேர் எழுதிய தாளில் ஏதோ குறித்துக்கொண்டாள். என்ன குறித்தாளோ, அடுத்த தடவை நான் போனபோது கொஞ்சம் உரக்கவும், ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தியும் பேசினாள்.

ஆனால் அவள் தடவிய தைலத்தில் ஒரு வாடை இருந்தது. மூலிகை என்றாள். மூலிகைக்கு அடியில் எனக்குத் தையல் மெஷின் எண்ணெய்தான் மணத்தது. அந்த வாடை வந்தால் நான் கண்ணை மூட வேண்டியதில்லை. பம்பாய்க் கோட்டைப் பகுதியில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியும், ஜன்னலில் எப்போதும் உட்கார்ந்திருக்கும் புறாவும் தானாக வந்துவிடும். அறுபதுகளின் தொடக்கம். கட்டட இன்ஜினியர்கள் ஆபீஸ். ஆலைக் கொட்டகை, புகைபோக்கி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் எத்தனை பாரம் தாங்கும் என்று கணக்குப் பார்த்துச் சொல்லும் இடம். இன்ஜினியர்கள் சூத்திரம் எழுதித் தருவார்கள். அதைப் போட்டு விடை காண்பது எங்கள் வேலை.

எனக்கு வந்த வேலை உத்தரவில் 'கம்ப்யூட்டர்' என்று எழுதியிருந்தது. சத்தியமாக. அப்போது அது ஒரு மனிதன் பார்க்கும் உத்தியோகம். என் மாமனார் ஊரெல்லாம் 'மாப்பிள்ளை பம்பாயில் கம்ப்யூட்டர்' என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். யாருக்கும் புரியவில்லை, அதனாலேயே மரியாதையாக இருந்தது.

நாங்கள் ஆறு பேர். ஆறு மேஜை, ஆறு மெஷின். மெஷின் என்றால் தையல் மெஷினின் தலை அளவுக்கு ஒரு கறுப்பு இரும்பு. முன்பக்கம் வரிசையாகச் சின்னச் சின்ன நெம்புகோல்கள். ஏழு வேண்டுமென்றால் ஒரு கோலை ஏழு வரைக்கும் இழுத்து வைக்க வேண்டும். வலது பக்கம் ஒரு கைப்பிடி. முன்னால் ஒரு சுற்று சுற்றினால் கூட்டும். பின்னால் சுற்றினால் கழிக்கும். மூன்றால் பெருக்க மூன்று சுற்று. கீழே விடை தெரியும் நகரும் பகுதிக்கு 'வண்டி' என்று பேர்; அதை ஓர் இடம் நகர்த்தினால் பத்தின் ஸ்தானம். வகுத்தல் என்றால் பின்னால் சுற்றிக்கொண்டே போக வேண்டியதுதான். எடுக்க முடிந்ததற்கு மேல் எடுத்துவிட்டால் உள்ளே 'டிங்' என்று ஒரு மணி அடிக்கும். உடனே முன்னால் ஒரு சுற்று சுற்றித் திருப்பிக் கொடுத்துவிட்டு, வண்டியை நகர்த்தி மறுபடி ஆரம்பிக்க வேண்டும். அளவுக்கு மீறி எடுத்தால் மணி அடித்துச் சொல்லும் சாதனத்தை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. கல்யாணப் பந்தியில் வைத்திருக்கலாம்.

ஆறு பேரும் வகுத்தலில் இருந்தால் அறை கோவில் மாதிரி ஒலிக்கும். கீழ்த்தளத்து ஏற்றுமதிக் கம்பெனிக்காரர்கள் எங்களை ஏதோ பூஜை பண்ணுகிற கூட்டம் என்றே ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

இப்படி நாளெல்லாம் சுற்றியதில் எங்கள் எல்லோருக்கும் வலது கை தனியாக வளர்ந்துவிட்டது. ரயிலில் இடது கையால்தான் தொங்குவோம். வலது கை ஆபீசுக்குச் சொந்தம். தாராவியில் மைதீன் பாய் என்று ஒரு தையல்காரர், மேலப்பாளையத்துக்காரர். முதல் தடவை நான் சட்டை தைக்கப் போனபோது தோளைத் தொட்டதுமே கேட்டார்.

"என்ன சார், அந்தக் கணக்காபீசா?"

"எப்படி பாய் தெரியும்?"

"ஒங்காளு நாலு பேரு எங்கிட்டதாம்லா தைக்காங்க. வலது கைய லூசா வச்சுத் தாரேன். இல்லன்னா கம்மங்கூட்டுல கிழிஞ்சிட்டு வந்து நிப்பீங்க. பராபர், சரியா இருக்கும், பயப்படாதீங்க."

இரண்டு கை இரண்டு அகலத்தில் சட்டை போட்டுக்கொண்டு நாங்கள் கௌரவமாக நடமாடினோம். யாரும் கேட்டதில்லை. பம்பாயில் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

அறைக்குத் தலைவர் பரமேஸ்வரன். மாதுங்காவில் இரண்டு தலைமுறையாக இருக்கும் குடும்பம். நெற்றியில் விபூதி, மேஜையில் காப்பி ஃப்ளாஸ்க், வாயில் எப்போதும் ஒரு 'ஓய்'. இரண்டு சட்டங்கள் வைத்திருந்தார். முதலாவது: எந்தக் கணக்கையும் இரண்டு பேர் தனித்தனியாகப் போட வேண்டும், விடை ஒத்துப்போனால்தான் கையெழுத்து. இரண்டாவது வெறுஞ்சுற்று. வேலை முடிந்ததும் எல்லாக் கோல்களையும் பூஜ்யத்துக்குத் தள்ளி, எல்லா எண்களையும் அழித்து, கைப்பிடியைச் சும்மா ஒரு சுற்று சுற்றிப் பார்க்க வேண்டும். ஒன்றும் மாறாமல் பூஜ்யமாகவே நின்றால் மெஷின் சுத்தம். இதைச் செய்யாமல் எழுந்து போகிறவன் சாப்பிட்ட இலையை அப்படியே விட்டுப் போகிறவனுக்குச் சமம். சில நாளில் அது எங்களுக்குப் புத்தியில் இல்லாமல் கையில் குடியேறிவிட்டது. நான் வீட்டில் குழாயை மூடிவிட்டும் ஒரு தடவை திருகிப் பார்ப்பேன். என் மனைவி இதைப் பற்றி அபிப்பிராயம் சொல்லாத நாள் கிடையாது.

மெஷின்களும் சும்மா இருக்கவில்லை. நெம்புகோலுக்குப் பதில் பத்துப் பொத்தான் வைத்த ஒன்று வந்தது. கைப்பிடி மட்டும் அப்படியே இருந்தது. 'விரலுக்கு வேலை குறைஞ்சுது, தோளுக்குக் குறையலை' என்றார் பரமேஸ்வரன். பிறகு மோட்டார் வைத்த ஒன்று. அது தானாகச் சுற்றும். ஆனால் எத்தனை சுற்று, எப்போது நகர்த்துவது என்பதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அதையும் அவர் பொறுத்துக்கொண்டார். அப்புறம்தான் அமெரிக்காவிலிருந்து ஆட்டோமேடிக் வந்தது.

பச்சை நிறம். தட்டச்சு மெஷினைப் போல இரண்டு பங்கு. இரண்டு எண்ணையும் பொத்தானில் அமுக்கி, வகுத்தல் பொத்தானைத் தட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்காரலாம். அதுவே கழிக்கும், அதுவே அதிகமானதைத் திருப்பிக் கொடுக்கும், அதுவே வண்டியை நகர்த்தும். கடகடகட, டக். கடகடகட, டக். மணி கிடையாது. ஏஜென்ட் மூன்று மாதச் சோதனைக்கு விட்டுப் போயிருந்தான். பிடித்தால் வைத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் திருப்பி எடுத்துப் போவான்.

அந்த மெஷினோடு கோமதியும் வந்தாள். தாராவிப் பெண். மாதுங்காவில் டைப்பிங் படித்து, ஏஜென்ட் நடத்திய வகுப்பில் இந்த மெஷினையும் கற்றுக்கொண்டவள். அவள் வேலையும் மூன்று மாதச் சோதனைதான். மெஷின் தங்கினால் அவளும் தங்குவாள். மெஷின் போனால் அவளும் போக வேண்டும். எங்கள் அறையில் அதற்கு முன் பெண் வந்ததில்லை. கைப்பிடி சுற்றுவது பெண்களால் ஆகாது என்பது மேலிடத்து எண்ணம். வீட்டில் அவர்கள் ஆட்டுக்கல் சுற்றுவது மேலிடத்துக்குத் தெரியாது.

பரமேஸ்வரன் அந்தப் பச்சை மெஷின் வேண்டாம் என்று மானேஜருக்கு எழுதியே கொடுத்தார். எங்களைக் கூப்பிட்டு, "ஓய், யாரும் அதைத் தொடப்படாது. இன்னிக்கு வேடிக்கை பார்ப்பேள், நாளைக்கு அது உம்ம நாற்காலியில உக்காந்துண்டிருக்கும்" என்றார். தப்பு ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் முதல் சட்டம் இருக்கிறதே. கோமதி போட்ட கணக்கையும் யாராவது கையால் போட்டு ஒத்துப் பார்க்க வேண்டும். இருப்பதில் இளையவன் நான். என் தலையில் விழுந்தது. அவள் காலை பத்தரைக்கு முடித்துவிடுவாள். நான் சாயங்காலம் நாலு மணிக்கு வியர்த்து வழிந்து முடிப்பேன். இடைப்பட்ட நேரமெல்லாம் உலகத்தின் அதிவேக மெஷின் எனக்காகக் காத்திருக்கும். கோமதி குரோஷா ஊசியில் நூல் உறைகள் பின்னுவாள். எங்கள் ஆபீசின் அத்தனை நாற்காலிக்கும் உறை கிடைத்தது இப்படித்தான்.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று தெரியும். அது நடக்கவில்லை. எனக்கு அதற்கு முந்தைய தையிலேயே கல்யாணம் ஆகிவிட்டது.

காத்திருக்கும் நேரத்தில் அவள் பேசுவாள். அப்பா தோல் கிடங்கில் வேலை பார்த்து நெஞ்சுச் சளியோடு வீட்டில் படுத்திருந்தார். அம்மாவுக்கு மகளை ஊருக்கு அனுப்பிக் கட்டிக் கொடுத்துவிட வேண்டும்.

"கல்லிடைக்குறிச்சியில மாமா மவன் இருக்காக சார். எனக்கு அங்கன போவ இஷ்டம் இல்ல. வேல நெரந்தரமாச்சுன்னா இங்கன இருந்துக்கோன்னு சொல்லிட்டாக. ஆவலன்னா, இந்தத் தீவாளியோட வண்டி ஏத்திருவாக."

"நிஜமாவா?"

"டிரங்குப் பெட்டிய கட்டிலுக்கடியில இருந்து எடுத்து வெளிய வச்சாச்சு சார். நெதம் அதத் தாண்டித்தான் ஆபீசுக்கு வாரேன்."

கைக்குட்டையால் பச்சை மெஷினைத் துடைத்துக்கொண்டே சொல்லுவாள். எனக்குச் சங்கடமாக இருக்கும். அவள் ஜெயித்தால் எங்கள் அறை தோற்கும்; அறை ஜெயித்தால் அவள் பெட்டியோடு ரயில் ஏற வேண்டும். நான் கைப்பிடியைச் சுற்றினேன். வேறென்ன செய்ய?

சோதனைக் காலம் முடியும் வாரம். சனிக்கிழமை மானேஜர் முடிவு சொல்வதாக இருந்தது. வியாழனோ என்னவோ, மதியச் சாப்பாட்டு நேரம். எல்லோரும் கீழே ஈரானி டீக்கடைக்குப் போயிருந்தார்கள். நான் சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டு, அதை எடுக்க மேலே வந்தேன். இரண்டாம் மாடித் திருப்பத்திலேயே சத்தம் கேட்டது. கடகடகடகட. அடுத்து 'டக்' வர வேண்டும். வரவில்லை. கடகடகடகட என்று அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது.

உள்ளே போனால், பச்சை மெஷின் முன்னால் பரமேஸ்வரன். மைதீன் பாய் அகலமாகத் தைத்திருந்த வலது சட்டைக்கை முழங்கை வரை மெஷினின் வண்டிக்கடியில் போய் மாட்டியிருந்தது. இடது கையால் மிரண்ட மாட்டைத் தட்டிக் கொடுப்பது போல மெஷினின் தலையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"நிறுத்தும் ஓய்! நிறுத்தும்! நிக்கவே மாட்டேங்கறது!"

நான் கண்ணில் பட்ட பொத்தானையெல்லாம் அமுக்கினேன். ஒன்றும் ஆகவில்லை. பிளக் அலமாரிக்குப் பின்னால் இருந்தது. அலமாரியில் ஆறு வருஷத்துப் புகைபோக்கிக் கணக்குக் கட்டுகள். கருகல் வாடை கிளம்பியது. அப்போது கோமதி கழுவிய டிபன் பாக்ஸோடு வந்தாள். ஒரு பார்வை பார்த்தாள். பக்கவாட்டில் எனக்குத் தெரியாத ஒரு சின்ன நெம்புகோலை இழுத்தாள். சத்தம் நின்றது. குரோஷா பைக்குள் இருந்த கத்தரிக்கோலை எடுத்து, "அசையாதீங்க சார்" என்று சொல்லி, அவர் சட்டைக்கையை முழங்கையோடு வெட்டி விட்டாள். கை வெளியே வந்தது. துணி உள்ளேயே தங்கிவிட்டது.

நடந்தது இதுதான். பரமேஸ்வரனுக்கு ஒரே ஒரு தடவை போட்டுப் பார்க்க வேண்டும் என்று இருந்திருக்கிறது. ஊருக்குத்தான் உபதேசம். இருபத்திரண்டை ஏழால் வகுத்தார். விடை தசமத்துக்குப் பின்னால் நீண்டுகொண்டு போனதைக் கண்குளிரப் பார்த்தார். அத்தோடு எழுந்து போயிருக்கலாம். ஆனால் ஒழுங்கான மனிதர். எல்லா எண்ணையும் அழித்துப் பூஜ்யமாக்கினார். அப்புறம் கை தன்னால் வெறுஞ்சுற்றுக்குப் போயிற்று. இதில்தான் கைப்பிடி இல்லையே. கடைசியாகத் தட்டிய பொத்தானையே தட்டினார். அது வகுத்தல்.

ஒன்றுமில்லாததிலிருந்து ஒன்றுமில்லாததை எத்தனை தடவை எடுக்கலாம் என்று மெஷினைக் கேட்டால் அது என்ன செய்யும்? எடுக்க ஆரம்பித்தது. கையால் சுற்றுகிறவனாக இருந்தால் கொஞ்ச நேரத்தில் சலித்து நிறுத்திவிடுவான். மோட்டாருக்குச் சலிப்பு கிடையாது. சத்தம் கேட்டுப் பதறிக் கையை உள்ளே விட்டு வண்டியைப் பிடித்திருக்கிறார், சட்டையையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்.

கோமதி வண்டியை நகர்த்திப் பார்த்தாள். நகரவில்லை. "பல்லுக்குள்ள துணி போயிருக்கு" என்றாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தாள். அழவில்லை. பச்சை மெஷினையே பார்த்துக்கொண்டு, "டிக்கெட் எடுத்திருவாக சார்" என்றாள், யாரிடம் என்றில்லாமல்.

ஈரானியிலிருந்து மற்றவர்கள் வந்தார்கள். விஷயம் புரிந்ததும் அவர்கள் முகத்தில் வந்தது வருத்தம் என்று சொல்ல மாட்டேன். கோமதி முகம் கழுவப் போன நேரத்தில் ஒருவர் குரலைத் தாழ்த்தி, "அந்தப் பொண்ணு கையில இருக்கறச்ச நின்னு போச்சுன்னு சொல்லிடலாம் சார். மெஷின் அவ பொறுப்புதானே? யார் கேக்கப் போறா?" என்றார். அது உண்மையும்கூட, யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இன்னொருவர், இடது சட்டைக்கையையும் மடித்து விட்டுக்கொண்டால் வித்தியாசம் தெரியாது என்று யோசனை சொன்னார். பரமேஸ்வரன் இடது சட்டைக்கையை முழங்கைக்கு மேல் மடித்தார். இரண்டு கையையும் நீட்டி ஒத்துப் பார்த்தார். பிறகு மடிப்பை அவிழ்த்து, மணிக்கட்டு வரை இழுத்துப் பொத்தான் போட்டார்.

"ஓய், நீர்தானே அவ ஜோடி? என்னோட வாரும்" என்று என்னைக் கூப்பிட்டுக்கொண்டு மானேஜர் அறைக்கு நடந்தார்.

மானேஜர் குஜராத்திக்காரர், சிரிக்கத் தெரியாதவர் என்று பெயர் வாங்கியவர். நிமிர்ந்து பார்த்து, சட்டையின் மற்ற கை எங்கே என்று இங்கிலீஷில் கேட்டார்.

"மெஷினில் இருக்கிறது" என்று இங்கிலீஷிலேயே பதில் சொன்னார் பரமேஸ்வரன். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். வெறுஞ்சுற்றையும் விளக்கினார். பெண்ணுக்கு இதில் சம்பந்தமில்லை, அவள்தான் தன் கையைக் காப்பாற்றினாள் என்றார்.

வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவரே நீங்கள்தானே, ஏன் தொட்டீர்கள் என்றார் மானேஜர்.

பரமேஸ்வரனின் இங்கிலீஷ் அங்கே தீர்ந்துவிட்டது. "ஆசையா இருந்துது சார்" என்றார் தமிழில். மானேஜருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் மொழிபெயர்க்கச் சொல்லி அவர் என் பக்கம் திரும்பவில்லை.

வேண்டாமென்றவரையே இழுத்துக்கொண்ட மெஷினைத் திருப்பி அனுப்பி என்ன பிரயோஜனம் என்று மானேஜர் சனிக்கிழமை சொல்லிவிட்டார். கோமதி நிரந்தரம். ஏஜென்ட் ஆள் வந்து மெஷினைப் பிரித்து, துணியை எடுத்து, ஒரு கவரில் போட்டுப் பிரசாதம் மாதிரி பரமேஸ்வரனிடம் கொடுத்தான். திங்கட்கிழமை கோமதி வந்ததும், "பொட்டி உள்ள போயிருச்சு சார்" என்று மட்டும் சொன்னாள். எதிர் மேஜையில் பரமேஸ்வரன் ஏதோ வகுத்தலில் மும்முரமாக இருந்தார்.

அடுத்த வருஷங்களில் இன்னும் பச்சை மெஷின்கள் வந்தன, ஓட்டப் பெண்களும் வந்தார்கள். நாங்கள் ஆறு பேரும் ஆறு மூலைக்குப் போனோம். என்னை வரைபடப் பகுதியில் போட்டார்கள். பரமேஸ்வரனைத் தரைத்தளத்தில் தபால் அனுப்பும் பகுதியில் உட்கார்த்தி வைத்தார்கள். தபால்தலையை நீரில் தொட்டு ஒட்டுகிற வேலை. அவர் நாக்கில் கசப்பாக ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. மைதீன் பாய்தான் கேட்டார், "இனிமே ரெண்டு கையும் ஒரே அளவுலயா சார்?" என்று. ஆமாம் பாய் என்றேன். அந்தச் சட்டை வலது தோளில் எனக்கு ரொம்ப நாள் இறுக்கிப் பிடித்தது.

அறுபதுகள் முடிவதற்குள் பரமேஸ்வரன் ஓய்வு பெற்றார். கடைசி நாள் வழக்கம்போல மாலை, சால்வை, சுவர்க் கடிகாரம். நிகழ்ச்சியை எங்கள் பழைய அறையிலேயே வைக்க வேண்டும் என்று கோமதி பிடிவாதமாகச் சொல்லி ஏற்பாடு செய்திருந்தாள். அப்போது அறைக்கு அவள்தான் தலைவி. அவர் பேச எழுந்ததும் அவள் கையைக் காட்ட, எல்லாப் பெண்களும் மெஷின்களை நிறுத்தினார்கள். அந்த அறை அப்படி அமைதியாக இருந்து யாரும் பார்த்ததில்லை. பரமேஸ்வரன் வாயைத் திறந்தார், மூடினார். மறுபடி திறந்தார்.

"நிறுத்த வேண்டாம்மா. ஓடட்டும். சும்மா இருந்தா எனக்குப் பேச வரலை."

ஓட விட்டார்கள். கடகடகட, டக். அந்த இரைச்சலுக்கு நடுவில் அவர் ரொம்ப நேரம் பேசினார். ஒரு வார்த்தை யாருக்கும் கேட்கவில்லை. வாய் அசைவது நின்றதும் கை தட்டினோம்.

அப்புறம் ஜப்பானிலிருந்து வெற்றிலைப் பெட்டி அளவில் ஒன்று வந்தது. சத்தமே போடாது. பச்சை மெஷின்களைக் குர்லாவிலிருந்து வந்த பழைய இரும்புக்காரன் ஒருவன் எடை போட்டு எடுத்துப் போனான். கைப்பிடி மெஷின்கள் இருந்த காலத்தில் பாதிகூட அவை இருக்கவில்லை. அந்த மூன்றாம் மாடியைக் கண்ணாடி வைத்துத் தடுத்திருக்கிறார்கள். போன வருஷம் ஒரு வேலையாகப் போனேன். நாற்பது பேர் இருக்கும். குளிர்சாதனம் மூச்சு விடுவதுதான் கேட்டது.

கோமதி இப்போது தாணேயில் மகனோடு இருக்கிறாள். தீபாவளிக்கு ஃபோன் பண்ணுவாள். விடைபெற்ற நாளில் பரமேஸ்வரன் பக்கத்தில் நின்றவள் அவள்தான் என்பது எனக்கு இந்தத் தடவைதான் உறைத்தது. பரமேஸ்வரன் சார் என்னதான் பேசினார் என்று கேட்டேன்.

"வெளங்கலையே சார். மெஷினு சத்தம்லா. எம் பேரு ரெண்டு மூணு தடவ வந்த மாதிரி இருந்துச்சு. என்ன சொன்னாகன்னு பொறவு கேக்கணும்னு நெனச்சேன். கேக்கல."

அவர் போய் ரொம்ப வருஷமாகிறது. அவர் பேச்சை மூடிய அந்த இரைச்சலும் இப்போது எங்கேயும் கிடையாது.